ஃபேமிலி டிரெயினிங்கும் அரை மூட்டை யூரியாவும்

பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறவன் நான். யூரியா என்ற சொல் வாயில் வராமல் அந்தப் பாடத்தை முடிக்க முடியாது. இந்த ஆண்டு அந்தப் பக்கம் வந்தபோது கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்துவிட்டது. குனிந்து எடுத்து நிமிர்ந்தேன். முதல் வரிசை மாணவி, "சார், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், செவிலிமேட்டில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் வந்து நின்ற ஒரு லாரிதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

அந்த லாரியை ஓட்டிவந்தது என் மகள்.

பி.காம். படித்தவள். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தாள். அவள் மேசைக்கு எதிரே ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே நாளெல்லாம் லாரிகள். ஒருநாள் வந்து, "உள்ள உக்காந்து பில்லு போடறத விட, வெளிய போற வண்டிய ஓட்டலாம்னு இருக்குதுப்பா" என்றாள். ஏதோ ஒரு டிரான்ஸ்போர்ட் நிறுவனம் பெண்களுக்குக் கனரக வாகனம் ஓட்டச் சொல்லித் தந்து, வேலையும் தருகிறதாம். எனக்குத் தெரிந்த வழிகளிலெல்லாம் மறுத்துப் பார்த்தேன். இரத்த அழுத்தம் இருக்கிறது என்றேன். யாருக்கு என்று கேட்டாள். எனக்குத்தான் என்றேன். "அப்ப நீங்க ஓட்ட வேணாம்" என்றாள்.

என் மனைவி கேட்டது ஒரே கேள்விதான்: "சீட்டுல நல்லா சாஞ்சிக்க முடியுமாடி? உனக்கு முதுகு வலி இருக்குதே?" முடியும் என்று தெரிந்ததும் அவள் மகள் பக்கம் போய்விட்டாள்.

"பொண்ணு பாக்க வர்றவங்ககிட்ட இன்னான்னு சொல்றது?" என்று உறவில் ஒருவர் கேட்டார்.

"லாரின்னு சொல்லுங்க. எத்தன சக்கரம்னு கேட்டா எனக்குப் போன் போடுங்க" என்றாள் மகள்.

உரிமம் வாங்கிவிட்டாள். அதற்கப்புறம் என் பொழுது எப்படிப் போனது என்பதை எழுதினால் எனக்கே வெட்கமாக இருக்கும். மணிக்கொரு முறை போன் செய்வேன். எடுக்க மாட்டாள். எடுக்கவில்லையே என்று மறுபடி செய்வேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சொல்வாள்: "ஓட்டும்போது எடுத்தா என் வேல போயிடும். எடுக்கலன்னா உங்க உயிரு போயிடுது. நான் எதப்பா காப்பாத்தறது?"

உரிமம் இருந்தால் மட்டும் போதாது என்பது அப்புறம்தான் தெரிந்தது. புது மாடல் லாரி ஒன்றை அவளிடம் ஒப்படைக்கும் முன் இன்னொரு பயிற்சி உண்டாம். பெயர் வெஹிகிள் ஃபெமிலியரைசேஷன். ஓட்டத் தெரிந்தவரை அந்த ஒரு வண்டியோடு பழக வைக்கிற பயிற்சி. எந்த விளக்கு எதற்கு எரிகிறது, எந்த மூடிக்குள் எதை ஊற்ற வேண்டும், வண்டியின் உயரம் எவ்வளவு, கண்ணாடியில் தெரியாத இடங்கள் எவை, எல்லாம் அதில் அடக்கம்.

வீட்டிலும் பழகினாள். கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, இரண்டு பக்கமும் ஸ்டூல் வைத்து, ஸ்டூல் மேல் முகம் பார்க்கும் கண்ணாடிகளைச் சாய்த்து வைத்துக்கொள்வாள். முறத்தோடு குறுக்கே போன அம்மாவிடம் ஒருநாள், "ம்மா, நீ இப்ப பிளைண்ட் ஸ்பாட்ல இருக்கற. எனக்குத் தெரியவே மாட்டற" என்றாள்.

"உங்கப்பாவுக்கு இருவத்தஞ்சு வருசமா நான் அங்கதான் இருக்கறேன்" என்று சொல்லிவிட்டு என் மனைவி சமையலறைக்குப் போனாள்.

இன்னொரு விஷயத்தில் இருவருக்கும் பெரிய தகராறு வந்தது. வண்டி எடுக்கும் முன் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்க்க வேண்டும் என்பது பயிற்சியில் முதல் பாடம். டிரைவர் கதவில் தொடங்கி, வண்டியின் மூக்குப் பக்கம் போய், இடது பக்கம் வந்து, பின்னால் முடிக்க வேண்டும். என் ஸ்கூட்டரை வைத்து மகள் அதைச் செய்து காட்டினாள். மனைவி கோலப்பொடிக் கிண்ணத்தோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏண்டி, அப்பிரதட்சணமா சுத்தற?"

"ம்மா, இது வண்டி. கோயில் இல்ல."

"சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெக்கறீங்க, கற்பூரம் காட்டறீங்க, பொட்டு வெக்கறீங்க. சுத்தறப்ப மட்டும் கோயில் இல்லியா? காஞ்சிபுரத்துல பொறந்துட்டு எடமா சுத்தினன்னா ஊரே சிரிக்கும்."

கடைசியில் ஓர் உடன்பாடு வந்தது. லாரிகள் நிறுத்துகிற யார்டில் இருக்கும்போது கம்பெனி சொன்ன பக்கம். அம்மா கண்ணில் படுகிற இடத்தில் அம்மா சொன்ன பக்கம்.

இந்தச் சமயத்தில்தான் என் அண்ணன் உள்ளே வருகிறார். பாலாற்றுக்கு அந்தப் பக்கம் ஊர். கழனியைப் பார்த்துக்கொள்கிறார். உரம் வாங்க டவுன் சொசைட்டிக்கு மொபெட்டில் வந்தால், திரும்பும்போது எங்கள் வீட்டில் காபி குடித்துவிட்டுத்தான் போவார். கண்ணாடிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்து, "இன்னா பாப்பா இது, சலூன் வெச்சிக்கினியா?" என்றார்.

"டிரெயினிங் பெரிப்பா. வெஹிகிள் ஃபெமிலியரைசேஷன்."

"வெகிகிள் ஃபேமிலி டிரெயினிங்கா? அதுவும் நல்லதுதான். ஓட்றவங்களுக்கு மட்டும் சொல்லிக் குடுத்தா போதுமா? ஃபேமிலிக்கும் தெரியணும் இல்ல?"

நாங்கள் மூவரும் சிரித்தோம். ஒருவரும் திருத்தவில்லை.

யூரியா விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இப்போது வருகிற லாரிகளில் டீசல் தொட்டியைத் தவிர இன்னொரு சின்னத் தொட்டியும் உண்டு. மூடி நீல நிறம். அதில் ஊற்றுகிற திரவம் புகையைச் சுத்தம் செய்கிறது. மிகச் சுத்தமான யூரியாவை மிகச் சுத்தமான தண்ணீரில் கரைத்தது. கேனின் மேல் வேறு பெயர் அச்சடித்திருந்தாலும் டிரைவர்கள் எல்லோரும் அதை யூரியா என்றே சொல்கிறார்கள். மகள் இதைச் சொன்னபோது என் பாடம் லாரி வரைக்கும் போயிருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். அவளோடு பயிற்சி எடுத்த ஒருவர் அதை மூடி மாற்றி டீசல் தொட்டியில் ஊற்றிவிட்டார். வண்டி பணிமனைக்குப் போனது, அவர் வகுப்பறைக்குத் திரும்பிப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகளுக்குப் பயிற்சியின் கடைசி நாள். பயிற்சியாளர் பக்கத்தில் உட்கார்ந்து வருவார். அவருக்குத் திருப்தியாக இருந்தால் மறுநாளிலிருந்து வண்டி அவள் கையில். இல்லையென்றால் மறுபடி வகுப்பறை. உத்திரமேரூர் சாலையில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும் வழி எங்கள் பக்கம்தான். வழியில் பெண்களுக்குக் கழிப்பறை கிடைப்பது கஷ்டம் என்பதால், வீட்டில் நிறுத்தி டிபனும் முடித்துக்கொள்ளலாம் என்று பயிற்சியாளர் ஒத்துக்கொண்டார்.

காலை வெயிலில் அந்த லாரி எங்கள் தெருவுக்குள் வந்ததை நான் முழுதாகப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். திறந்தபோது அது காலி மனையில் ஒழுங்காக நின்றிருந்தது. எதிர்வீட்டுக்காரர் லுங்கியோடு மாடியிலிருந்து கைதட்டினார். மகள் வண்டியிலிருந்து குதித்து, பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போடும் வரைக்கும் நான் மூச்சுவிட்டதாக ஞாபகம் இல்லை.

அவள் இன்ஜினை அணைக்கும் முன்பே என் அண்ணன் படியில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்திருந்தார். உர சீசன் என்பதால் ஞாயிறன்றும் திறந்திருந்த சொசைட்டிக்கு வந்திருந்தார். மொபெட்டின் முன்னால் அரை மூட்டை உரம்.

"அது இன்னாமா, மஞ்சளா ஒரு லைட்டு எரியுது?"

"யூரியா கம்மியா இருக்குது பெரிப்பா. அவசரமில்ல, யார்டுக்குப் போயி ஊத்திக்கலாம்."

அவ்வளவுதான் பேச்சு. நானும் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அந்தப் பேச்சில் தப்பான சொல் ஒன்றுகூட இல்லை.

பயிற்சியாளருக்கு முப்பது வயது இருக்கும். கூலிங்கிளாஸைத் தலைக்கு மேல் ஏற்றிவிட்டிருந்தார், கையில் டேப்லெட். எதைச் சொன்னாலும் 'காமன் சென்ஸ்' என்று முடிப்பார். கை கழுவியபோது, "சாப்பிடறதுக்கு முன்னாடி கை கழுவறது காமன் சென்ஸ் சார்" என்றார். மூன்றாவது இட்லியில், "கடைசி இட்லிக்குச் சட்னி மிச்சம் வெக்கறது காமன் சென்ஸ் சார்" என்றார். என் மனைவி இன்னும் இரண்டு கரண்டி சட்னி ஊற்றினாள்.

"நீங்களும் உக்காருங்க மாமா" என்று என் அண்ணனைக் கூப்பிட்டாள்.

"நான் கூழு குடிச்சிட்டுதாம்மா வந்தேன். நீங்க சாப்புடுங்க. வண்டிய நான் பாத்துக்கறேன்."

"வண்டிகிட்ட ஒரு ஆளு இருக்கறது நல்லது. காமன் சென்ஸ்" என்றார் பயிற்சியாளர்.

கொஞ்ச நேரத்தில் அண்ணனின் முகம் ஜன்னலில் தெரிந்தது. "ஏம்பா, வாத்தியாரே, யூரியாவுல எத்தினி ரகம் இருக்குது?"

எங்கள் இத்தனை வருட வாழ்க்கையில் என் அண்ணன் என்னிடம் கேட்ட முதல் வேதியியல் கேள்வி அது. வாயிலிருந்த இட்லியை விழுங்கக்கூட நிற்கவில்லை. "ஒரே ரகந்தான்ணா! உலகத்துல எங்க எடுத்தாலும் யூரியான்னா ஒரே மூலக்கூறு!" என்றேன்.

"அப்படிச் சொல்லு" என்று போய்விட்டார். பிறகு கொல்லைப் பக்கம் அவர் குரல் கேட்டது. "வாளி ஒண்ணு குடும்மா." கால் கழுவத்தான் கேட்கிறார் என்று மனைவி எடுத்துக் கொடுத்தாள்.

காபி வரும்போது அண்ணனும் வந்தார். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே நாற்காலியில் சாய்ந்தார்.

"பாப்பா, உன் வண்டிக்கு யூரியா போட்டாச்சு. அங்க போயி நீ காத்துக்கினு இருக்க வேணாம்."

பயிற்சியாளரின் தம்ளர் மேசைக்கும் உதட்டுக்கும் நடுவில் நின்றது. "எந்த யூரியா ஐயா?"

"சொசைட்டி யூரியா தம்பி. இப்ப வாங்கினது. வேப்பெண்ணெய் பூசினது, நல்ல சரக்கு. பக்குவமா கரைச்சிதான் ஊத்தினேன், கட்டி கிட்டி இல்ல."

விஷயம் தெரியாதவனுக்குப் பொதுவாகத்தான் பயம் வரும். எனக்கு வரிசையாக வந்தது. வேப்பெண்ணெய் தொட்டிக்குள் போகும். உப்புகள் குழாயில் படியும். மெல்லிய துளை அடைபடும். புகைக் குழாய்க்குள் இருக்கிற விலை உயர்ந்த வினையூக்கி வீணாகும். மறுநாள் வண்டி கையில் வாங்க வேண்டிய பெண், தன் குடும்பத்தாராலேயே முதல் நாள் அந்த வண்டியைக் கெடுத்தவள் என்று பெயர் எடுப்பாள். அந்த நிறுவனத்தில் அதன் பிறகு எந்தப் பெண் வந்து நின்றாலும் இந்தக் கதையைச் சொல்வார்கள். 'ஒரே மூலக்கூறு' என்று நான் கத்தியது காதுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டது.

பயிற்சியாளர் தாவி எழுந்தார். "சாவியக் குடும்மா, ஸ்டார்ட் பண்ணி லைட்டு இன்னா சொல்லுதுன்னு பாத்துடலாம்."

மகள் சட்டைப் பையின் மேல் கையை வைத்தாள். "வேணாம் சார்."

"குடும்மா!"

"சாவியத் திருப்பினாலே பம்ப்பு இழுத்துடும் சார். இப்ப எது எங்க இருக்குதோ அது அங்கியே இருக்கட்டும். மொதல்ல எங்க ஊத்தினாருன்னு பாப்போம்."

பயிற்சியாளர் வாயைத் திறந்தார். காமன் சென்ஸ் என்று வரவில்லை. மூடிக்கொண்டார்.

மகள் அண்ணனிடம் திரும்பி, "பெரிப்பா, எந்த மூடியத் தொறந்தீங்க?" என்று கேட்டாள். கத்தவில்லை. ஆனால் அதற்குள் எங்கள் முகங்களைப் பார்த்து அண்ணனுக்கு ரோஷம் வந்திருந்தது.

"இன்னா எல்லாரும் கொலகாரனப் பாக்கற மாதிரி பாக்கறீங்க? நான் ஒண்ணும் சொல்லல. படிச்சவங்கதானே, போய்ப் பாருங்க."

அதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு சொல்லும் பெயராது. சிறு வயதிலிருந்தே எனக்குத் தெரியும். எல்லோரும் வெளியே ஓடினோம்.

மகள் டிரைவர் கதவுக்குப் போய், பழக்கத்தில் லாரியின் மூக்குப் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தாள்.

"பிரதட்சணமாப் போடி!" வாசலிலிருந்து என் மனைவி. "இந்த நேரத்துலயாச்சும்!"

மகள் ஒரு நொடி நின்றாள். பிறகு திரும்பி வண்டியின் பின்பக்கம் நடந்தாள். அவள் பின்னால் பயிற்சியாளர், அவர் பின்னால் நான், எனக்குப் பின்னால் எதற்கென்றே தெரியாமல் எதிர்வீட்டுக்காரர். நாங்கள் நால்வரும் போன விதத்தைப் பார்த்தவர்கள் சாமி உள்ளே இருக்கிறது என்றே நினைத்திருப்பார்கள்.

பின்பக்கம் ஒன்றுமில்லை. இடது பக்கம் வந்தோம். டீசல் தொட்டி. மகள் மூடியைத் திறந்து முகர்ந்தாள். டீசல், டீசல் மட்டும். அடுத்தது நீல மூடி. அதன் கீழே மண்ணில் ஈரம். ஈரத்தில் வாளியின் வட்டத் தடம். தடத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன உருண்டைகள், ஜவ்வரிசியைச் சிந்தினாற்போல. நான் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"மூடி பூட்டியிருக்குது சார்" என்றாள் மகள். கொத்திலிருந்த சின்னச் சாவியால் திறந்தாள். முகர்ந்தாள். பயிற்சியாளர் போனில் டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். அடியில் கொஞ்சம் திரவம், கண்ணாடி போலத் தெளிவாக.

"இங்க ஊத்தல."

"அப்ப வேற எங்கம்மா? இருக்கறதே ரெண்டு தொட்டி!"

வண்டியின் முன்பக்கம் வந்தபோது முதலில் வந்தது வேப்பெண்ணெய் வாடை. முகப்புத் தகடு சரியாக மூடப்படாமல் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. தூக்கினோம். உள்ளே ஒரு சின்ன மூடி தன் பட்டையில் தொங்கிக்கொண்டிருந்தது. முன் கண்ணாடியில் பீய்ச்சுகிற தண்ணீருக்கான தொட்டி அது. விளிம்பு வரைக்கும் இளமஞ்சளாக, நுரையோடு நிறைந்திருந்தது.

பயிற்சியாளர் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். "வைப்பர் தண்ணி! ஐயா, நீங்க ஊத்தினது வைப்பர் தண்ணியில!"

அண்ணன் அப்போதுதான் வாசல் படியை விட்டு இறங்கி வந்தார். "அதுல இன்னா தப்பு? மூடி மேல படம் போட்டிருக்குது பாருங்க."

பார்த்தோம். ஒரு வளைவு, அதன் மேல் விசிறி போலச் சிதறுகிற புள்ளிகள். முன் கண்ணாடியில் தண்ணீர் அடிக்கிற குறி. மருந்து தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு பயிருக்கு நடுவே நடக்கிற மனிதரின் கண்ணுக்கு அது எப்படித் தெரியும் என்று எனக்கு உடனே விளங்கியது.

"தெளிக்கற படம். சரி, எலைக்குத் தெளிக்கற யூரியா போலக்குதுன்னு தண்ணி ஜாஸ்தியா கலந்து ஊத்தினேன்."

"லாரிக்கு ஏது ஐயா எல?"

"எனக்கு இன்னா தம்பி தெரியும், புது வண்டி. ஃபேமிலி டிரெயினிங்குன்னு சொன்னாங்க. எனக்கு யாரு வந்து டிரெயினிங் குடுத்தது?"

"அந்த நீல மூடிய ஏன் தொறக்கல?"

"பூட்டி இருந்திச்சு. அடுத்தவன் பூட்டி வெச்சத நோண்டறதுக்கு நான் இன்னா திருடனா?"

பயிற்சியாளரின் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. முதலில் அழுகிறாரோ என்று பயந்தேன்.

தொட்டியின் குழாயைக் கழற்றி எல்லாவற்றையும் வாளியில் வடித்தார்கள். வீணாகப் போகக் கூடாது என்று மனைவி அதை வாழைக்கு ஊற்றினாள். நல்ல தண்ணீரை விட்டு விட்டு அலசினார்கள். நிறம் போனது. வாடை போகவில்லை. எதிர்வீட்டுக்காரர், "சீயக்கா போட்டுப் பாக்கலாமா?" என்று கேட்டார். அவரை யாரும் கண்டுகொள்ளவில்லை.

பிறகு பயிற்சியாளர் டேப்லெட்டைக் கையில் எடுத்தார். நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். "சார், இத அதுல எழுதுவீங்களா?"

"எத சார்? வைப்பர் தண்ணியில வேப்பெண்ணெய்ன்னா? அப்படி ஒரு கட்டமே இதுல கிடையாது." திரையைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "நான் சாவியக் கேட்டேன். ஒருவேள அந்தத் தொட்டியிலயே ஊத்தியிருந்தா, நான்தான் வண்டியக் கெடுத்திருப்பேன். இவங்க குடுக்கல." மகளிடம் திரும்பினார். "நாளையிலேர்ந்து நீ தனியா எடும்மா. ஆனா சுத்தி வரும்போது ஏன் தலைகீழா வந்த? நான் சொல்லிக் குடுத்த மாதிரி வந்திருந்தா முன்பக்கம் மொதல்லியே தெரிஞ்சிருக்கும். உங்கப்பாவுக்கு இவ்ளோ நேரம் ஒடம்பு நடுங்கியிருக்காது."

"எங்க ஊர்ல அப்படித்தான் சார்" என்றாள் மகள். வாசலில் என் மனைவி தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றாள்.

லாரி கிளம்பியது. "வா, வா, வா, ரைட்ல ஒடி!" என்று அண்ணன் பின்னால் நின்று குரல் கொடுத்தார். அவள் அவரைக் கேட்காமல் கண்ணாடியைப் பார்த்து ஒடித்துத் திருப்பினாள். இந்தத் தடவை நான் கண்ணை மூடவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் அவளே போன் செய்தாள்.

"வண்டிய விட்டாச்சுப்பா. நல்லாத்தான் ஓடிச்சு. ஒண்ணு சொல்லணும். ஏரிக்கரைப் பக்கம் வர்றப்ப தெனமும் கண்ணாடி பூரா பூச்சி வந்து அடிக்கும் இல்ல? இன்னிக்கு வைப்பர் போட்டேன், ஒரு பூச்சி ஒட்டல. சாரே அசந்துட்டாரு. வேப்பெண்ணெயத் தவிர வேற இன்னாத்தப்பா ஊத்தினாரு பெரிப்பா?"

ஒரே மூலக்கூறு என்று சொல்ல வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டேன்.

இப்போது அவள் தனியாகத்தான் ஓட்டுகிறாள். மணிக்கொரு முறை போன் செய்வதை ஓரளவு குறைத்திருக்கிறேன். ஸ்கூட்டரை எடுக்கும் முன் ஒரு சுற்றுச் சுற்றி வருகிறேன், பிரதட்சணமாக. அண்ணன் வந்தால் லாரிப் பேச்சு எடுப்பதில்லை. பூச்சி விஷயத்தை இன்றுவரை அவர் காதில் போடவில்லை. போட்டால் அடுத்த தடவை முழு மூட்டையோடு வந்து நிற்பார்.